'ஏலியன்' என்று நினைத்தார்கள், வந்தது ஓர் ஏரி பாக்டீரியா: ஆர்செனிக் சண்டையின் 15 ஆண்டுக் கதை

2025 ஜூலை 24 அன்று 'சயின்ஸ்' இதழ், தான் 2010-ல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. பொதுவாக ஒரு கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள் என்று கேள்விப்பட்டால் நமக்கு முதலில் தோன்றுவது மோசடிதான். படத்தை வெட்டி ஒட்டியிருப்பார்கள், எண்ணைக் கற்பனையாகப் போட்டிருப்பார்கள் என்று நினைப்போம். இதில் அப்படி எதுவும் இல்லை. மோசடி நடந்ததாக நாங்கள் சொல்லவில்லை என்று இதழின் ஆசிரியர்களே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். கட்டுரையை எழுதியவர்களோ, திரும்பப் பெறுவதே தவறு என்று இன்னமும் வாதாடுகிறார்கள். பணம் கொடுத்த நாசாவும் அவர்கள் பக்கம்தான்.

அப்படி என்ன கட்டுரை அது? ஒரு பாக்டீரியாவைப் பற்றியது. பெயர் ஜிஎஃப்ஏஜே-1. விஷமான ஆர்செனிக்கை எடுத்துத் தன் டிஎன்ஏவுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது என்றார்கள். உண்மையாக இருந்திருந்தால் பள்ளிக்கூட உயிரியல் புத்தகத்தில் ஒரு பாடத்தையே மாற்றி எழுதியிருக்க வேண்டும்.

அறிவியலைத் தாண்டி இந்தக் கதையில் சுவாரசியமான இன்னொன்று இருக்கிறது. உலகம் அதற்கு எப்படி எதிர்வினை காட்டியது என்பதுதான் அது. முதலில் குதித்தார்கள். பிறகு, 'ப்ச், இவ்வளவுதானா' என்றார்கள். அடுத்த இரண்டு நாளில் கத்தியைத் தீட்டினார்கள். எல்லாம் ஒரே வாரத்தில்.

ஒரு அழைப்பிதழ் செய்த வேலை

2010 நவம்பர் 29. நாசா ஒரு பத்திரிகைக் குறிப்பை வெளியிட்டது. டிசம்பர் 2-ம் தேதி செய்தியாளர் சந்திப்பு இருக்கிறது, வேற்றுலக உயிர்களுக்கான தேடலைப் பாதிக்கக்கூடிய ஒரு கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பதுதான் சாரம். என்ன கண்டுபிடிப்பு என்று சொல்லவில்லை. கட்டுரை வெளியாகும் நேரம் வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது இதழின் விதி. பத்திரிகையாளர்களுக்கு மட்டும் முன்கூட்டியே கட்டுரையைக் கொடுத்துவிட்டு, குறிப்பிட்ட நேரத்துக்கு முன் எழுதக் கூடாது என்று கட்டிப்போடுவார்கள்.

நாசா, வேற்றுலக உயிர், செய்தியாளர் சந்திப்பு. மூன்றையும் ஒரே வரியில் வைத்தால் என்ன ஆகும்? இணையம் மூன்று நாள் தூங்கவில்லை.

ஜேசன் காட்கி என்ற பிரபல அமெரிக்க வலைப்பதிவர், மேடையில் பேசப்போகிறவர்களின் பெயரை எடுத்து, ஒவ்வொருவரும் முன்பு என்ன ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தார். ஒருவர் புவி உயிரியல், ஒருவர் சனிக்கோளின் டைட்டன் நிலவு சம்பந்தப்பட்டவர், ஒருவர் ஆர்செனிக். மூன்றையும் கூட்டி ஒரு கணக்குப் போட்டார். டைட்டனில் ஆர்செனிக்கைக் கண்டுபிடித்திருப்பார்கள், ஒருவேளை அதைப் பயன்படுத்தும் பாக்டீரியாவுக்கான தடயம்கூடக் கிடைத்திருக்கலாம் என்பது அவருடைய ஊகம். ஊகம் என்று சொல்லித்தான் எழுதினார். ஆனால் அது பரவியபோது 'ஊகம்' என்ற வார்த்தை வழியிலேயே விழுந்துவிட்டது. வாட்ஸ்அப் ஃபார்வர்டு பார்த்த நமக்கு இது புதிதல்ல.

உண்மை தெரிந்த பத்திரிகையாளர்கள் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் பொறுக்க முடியாமல், கட்டுரையைப் பார்த்துவிட்டேன், நீங்கள் நினைப்பது அது இல்லை என்று ட்வீட் போட்டார். தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், தீ அணையவில்லை.

டிசம்பர் 2 வந்தது. சனியும் இல்லை, டைட்டனும் இல்லை. கலிஃபோர்னியாவில் ஓர் ஏரி. அதில் ஒரு பாக்டீரியா. பலருக்கு முகம் தொங்கிப்போனது. சில ஊடகங்கள் விடுவதாக இல்லை. 'வேற்றுலக உயிர் பூமியிலேயே கிடைத்தது' என்ற தொனியில் தலைப்பு வைத்தன. இன்னும் சில 'ஆர்செனிக்கால் ஆன உயிர்' என்று எழுதின. கட்டுரை சொன்னது இது எதுவுமே இல்லை.

சரி, கட்டுரை என்னதான் சொன்னது?

நம்மில் தொடங்கி தெருமுனை வேப்பமரம் வரைக்கும், எல்லா உயிருக்கும் அடிப்படைத் தனிமங்கள் ஆறு. கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்ஸிஜன், பாஸ்பரஸ், கந்தகம். இதில் பாஸ்பரஸின் வேலை கொஞ்சம் விசேஷம். டிஎன்ஏவை ஒரு பூமாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பூக்கள்தான் மரபுத் தகவல். பூக்களைத் தாங்கிப் பிடிக்கும் நார் சர்க்கரையாலும் பாஸ்பேட்டாலும் ஆனது. நார் அறுந்தால் மாலை இல்லை. செல்லுக்குள் கைச்செலவுக் காசு மாதிரி புழங்கும் ஏடிபி மூலக்கூறிலும் பாஸ்பேட்தான் முக்கியம்.

இப்போது தனிம அட்டவணையில் பாஸ்பரஸுக்கு நேர் கீழே பாருங்கள். ஆர்செனிக். சித்த மருத்துவம் அறிந்தவர்களுக்கு வெள்ளைப் பாஷாணம், தாளகம், மனோசிலை என்ற பெயர்கள் பழக்கம். மூன்றும் ஆர்செனிக் சேர்மங்கள்தான். ஆர்செனிக், ஆக்ஸிஜனோடு சேர்ந்து ஆர்செனேட் ஆகும்போது, பார்க்க அச்சு அசல் பாஸ்பேட் போலவே இருக்கும். அளவும் கிட்டத்தட்ட அதே, மின்னூட்டமும் அதே. ஆர்செனேட் விஷமாக இருப்பதற்குக் காரணமே இந்த முகஜாடைதான். செல், ஆள் தெரியாமல் உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே போனதும் பாஸ்பேட் உட்கார வேண்டிய நாற்காலியில் இது உட்கார்ந்து காரியத்தைக் கெடுக்கிறது.

சரி, ஏதாவது ஓர் உயிர் இந்த ஆள்மாறாட்டத்தையே வாழ்க்கையாக மாற்றிக்கொண்டிருந்தால்? ஃபெலிசா வுல்ஃப்-சைமன் என்ற இளம் ஆய்வாளர் இயற்பியலாளர் பால் டேவிஸ், புவி வேதியியலாளர் ஏரியல் அன்பர் ஆகியோருடன் சேர்ந்து 2009-ல் இந்தக் கேள்வியைக் கருதுகோளாகவே எழுதியிருந்தார். அதைச் சோதிக்க அவர் போன இடம்தான் மோனோ ஏரி.

சியெரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கே இருக்கும் ஏரி அது. தண்ணீர் உள்ளே வரும், வெளியே போக வழி கிடையாது. ஆவியாகிப் போவது மட்டும்தான். பல லட்சம் ஆண்டுகளாக இப்படியே நடந்து, உப்பும் காரமும் சேர்ந்து, கடலைவிட இரண்டு மூன்று மடங்கு உப்பு. கைவைத்தால் சோப்புத் தண்ணீர் போல வழுக்கும். போதாக்குறைக்கு 1941 முதல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் அந்த ஏரிக்கு வரும் ஓடைகளைத் தன் குடிநீருக்குத் திருப்பிவிட்டது. ஏரி சுருங்க, தண்ணீருக்கு அடியில் இருந்த சுண்ணாம்புத் தூண்கள் வெளியே வந்து நின்றன. இன்று சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுப்பது அந்தத் தூண்களோடுதான். மீன் கிடையாது. உப்புநீர் இறாலும் ஒருவகை ஈயும்தான் ராஜா. எரிமலைப் பகுதி என்பதால் ஆர்செனிக்கும் ஏராளம்.

ஏரியின் சேற்றை எடுத்து வந்து, பாஸ்பேட் சேர்க்காத ஊடகத்தில், ஆர்செனேட்டைக் கூட்டிக்கொண்டே போய் வளர்த்தார்கள். தாக்குப்பிடித்தது ஒரு பாக்டீரியா. அதுதான் ஜிஎஃப்ஏஜே-1. 'ஃபெலிசாவுக்கு ஒரு வேலை கொடுங்கள்' என்ற ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகள் அவை. தற்காலிக ஆய்வுப் பணியில் இருப்பவர்களின் விளையாட்டு. கதை தெரிந்த பிறகு அந்தப் பெயரைப் படித்தால் சிரிப்பு வருவதில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். ஏரியில் அந்த பாக்டீரியா ஆர்செனிக்கால் வாழ்கிறது என்று கட்டுரை சொல்லவில்லை. பாஸ்பேட் கொடுத்தால் அது இன்னும் நன்றாகவே வளர்ந்தது. பாஸ்பேட்டைப் பட்டினி போட்டு, வேறு வழியில்லாமல் செய்தால், ஆர்செனிக்கை வைத்துச் சமாளிக்கிறது, டிஎன்ஏவில்கூட அது போய்ச் சேர்கிறது. இதுதான் கூற்று. பெரிய கூற்றுதான், சந்தேகமில்லை. ஆனால் தலைப்புச் செய்திகள் சொன்னது இதுவல்ல.

இரண்டே நாளில் வந்த பதிலடி

மறுப்பு முதலில் வந்தது அந்த மேடையிலேயே. செய்தியாளர் சந்திப்பில் நாசா உட்கார வைத்திருந்த ஐந்து பேரில் ஒருவர் ஸ்டீவன் பென்னர் என்ற வேதியியலாளர். ஆர்செனேட்டால் ஆன இணைப்பு தண்ணீரில் நிற்காது, உடனே உடைந்துவிடும், எனவே அசாதாரணமான ஆதாரம் வேண்டும் என்ற ரீதியில் அங்கேயே சந்தேகத்தைப் போட்டார். ஆனால் அடுத்த நாள் தாளில் எத்தனை பேர் அதைத் தலைப்பாக வைப்பார்கள்?

டிசம்பர் 4. கனடாவின் வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் ரோஸி ரெட்ஃபீல்டு தன் வலைப்பதிவில் ஒரு பதிவு போட்டார். அதுவரை அவருடைய துறைக்காரர்கள் மட்டும் எட்டிப் பார்த்த பக்கம் அது. கட்டுரையை வரி வரியாகப் பிரித்து மேய்ந்திருந்தார்.

அவருடைய இரண்டு கேள்விகள் வெகு எளிமையானவை. முதல் கேள்வி: 'பாஸ்பேட் சேர்க்கவில்லை' என்றால் 'பாஸ்பேட் இல்லை' என்று அர்த்தமா? ஊடகத்தில் கலந்த உப்புகளோடு ஒட்டிக்கொண்டு வந்த பாஸ்பேட், சுமார் 3 மைக்ரோமோலார் அளவில் இருந்ததாகக் கட்டுரையிலேயே இருக்கிறது. நமக்கு இது தூசு. ஆனால் ஒரு பாக்டீரியாவுக்கு? அங்கே பார்த்த அளவு வளர்ச்சிக்கு அந்தத் தூசே போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டாவது: டிஎன்ஏவில் ஆர்செனிக் இருந்தது என்கிறீர்களே, அந்த டிஎன்ஏவை ஒழுங்காகக் கழுவினீர்களா? ஆர்செனிக் கலந்த குழம்பிலிருந்து எடுத்த டிஎன்ஏவின் மேல் ஆர்செனிக் ஒட்டியிருக்கத்தானே செய்யும்? சுத்தம் செய்ய எந்த ஆய்வகத்திலும் கிடைக்கும் சாதாரண வழிகள் உண்டு. அவற்றைச் செய்ததாகத் தெரியவில்லை.

அப்போது ஹார்வர்டில் இருந்த அலெக்ஸ் பிராட்லி இன்னொரு ஓட்டையைக் காட்டினார். ஆர்செனேட்டால் ஆன நார் தண்ணீர் பட்டதும் அறுந்துவிடும். இவர்களோ டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும்போது தண்ணீரில்தான் போட்டிருக்கிறார்கள். டிஎன்ஏ நீளமாக, முழுசாகவே வந்திருக்கிறது. அப்படியென்றால் அந்த நார் பாஸ்பேட் நார்தான். கட்டுரையின் சொந்தப் படமே கட்டுரைக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

டிசம்பர் 7-ல் அறிவியல் எழுத்தாளர் கார்ல் ஸிம்மர் 'ஸ்லேட்' இதழில் எழுதியபோது, அவர் கேட்ட விஞ்ஞானிகளில் கிட்டத்தட்ட எல்லோருமே நம்பிக்கையில்லை என்றிருந்தார்கள். கட்டுரையை வெளியிட்டிருக்கவே கூடாது என்று ஒருவர் சொன்னதே தலைப்பாகிவிட்டது. ட்விட்டரில் 'ஆர்செனிக்லைஃப்' என்ற ஹேஷ்டேக் பிறந்தது.

இந்த இடத்தில் நாசா செய்தது, என் பார்வையில், மொத்தக் கதையிலும் பெரிய சொதப்பல். விஞ்ஞான விவாதத்தை ஊடகங்களிலும் வலைப்பதிவர்களிடமும் நடத்துவது முறையல்ல, ஆய்விதழ்களில்தான் நடக்க வேண்டும் என்று அதன் செய்தித் தொடர்பாளர் சொன்னார். ஆய்வாளர்களும் அதே வழியில் வாயை மூடிக்கொண்டார்கள். கேள்வி கேட்டவர் பேராசிரியர், கேள்வி நியாயமானது, ஆனால் எழுதிய இடம் வலைப்பதிவு என்பதால் பதில் கிடையாதாம். உலகத்தையே கூப்பிட்டு வைத்து மைக்கில் அறிவித்தவர்கள், எதிர்க்கேள்வி வந்ததும் 'இது பொது இடத்தில் பேசும் விஷயமில்லை' என்றால் யார் கேட்பார்கள்? எரிகிற தீயில் எண்ணெய்தான் அது.

இதழுக்குள் என்ன நடந்தது?

நியாயமாக எழ வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வலைப்பதிவர் ஒருவர் இரண்டு நாளில் பார்த்த ஓட்டையை, வெளியிடும் முன் படித்த நிபுணர்கள் ஏன் பார்க்கவில்லை?

2013-ல் 'யுஎஸ்ஏ டுடே' நாளிதழ் அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டப்படி, அதாவது நம் ஊர் ஆர்டிஐ போன்ற ஒரு வழியில், அந்த மதிப்பாய்வு அறிக்கைகளைப் பெற்றது. மூன்று பேர் படித்திருந்தார்கள். மூன்று பேருமே பாராட்டியிருந்தார்கள். கேட்ட திருத்தங்கள் சில்லறைதான். ஆக, தவறு ஒரு தனிநபருடையது மட்டுமில்லை. பன்னிரண்டு ஆசிரியர்கள், மூன்று மதிப்பாய்வாளர்கள், உலகின் முன்னணி இதழ் ஒன்று, நாசா. இத்தனை வாசலையும் தாண்டித்தான் அது வெளியே வந்தது.

ஆனால் கல் விழுந்தது ஒரே ஒருவர் மேல். வுல்ஃப்-சைமன்தான் முதல் ஆசிரியர், மேடையில் இருந்தவர், படங்களில் ஏரியில் நின்றவர். கட்டுரையை விமர்சித்தவர்களில் பலர் கண்ணியமாகவே எழுதினார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த கூட்டம் அப்படி இல்லை. அவருடைய நேர்மை, தகுதி, புகழாசை என்று பேச்சு ஆளைச் சுற்றியே வந்தது. 2011-ல் 'டைம்' இதழ் செல்வாக்கு மிக்க 100 பேர் பட்டியலில் அவரைச் சேர்த்தது. அதே ஆண்டில், அவர் வேலை பார்த்த ரொனால்ட் ஓரம்லேண்டின் ஆய்வகத்திலிருந்து வெளியேறினார். நிரந்தரப் பேராசிரியர் வேலை கிடைக்கவேயில்லை. ஓரம்லேண்ட் போன்ற மூத்த இணை ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே பெயரும் நாற்காலியும் இருந்தன. புயல் அவர்களையும் நனைத்தது, ஆனால் அடித்துப்போகவில்லை.

பேச்சை விட்டுவிட்டு சோதித்தபோது

ரெட்ஃபீல்டு எழுதியதோடு நிற்கவில்லை. 2011 மே மாத இறுதியில் 'சயின்ஸ்' எட்டு விமர்சனக் குறிப்புகளையும், அவற்றுக்கு ஆசிரியர்களின் பதிலையும் சேர்த்து வெளியிட்டது. 'எங்கள் பாக்டீரியாவை யார் கேட்டாலும் தருகிறோம், சோதித்துப் பாருங்கள்' என்றது ஆய்வுக் குழு. இதைப் பாராட்டியே ஆக வேண்டும். ரெட்ஃபீல்டு கேட்டார், வாங்கினார், வளர்த்தார். அன்றாடம் என்ன செய்தேன், எது சொதப்பியது என்று வலைப்பதிவிலேயே எழுதிக்கொண்டு போனார். மூடிய கதவுக்குள் நடக்கும் வேலையை ஊரே ஜன்னல் வழியாகப் பார்த்தது மாதிரி. 2011-ன் முக்கிய மனிதர்கள் பத்துப் பேரில் ஒருவராக 'நேச்சர்' இதழ் அவரைத் தேர்ந்தெடுத்தது.

ஆர்செனேட்டில் வளர்ந்த செல்களின் டிஎன்ஏவை எடுத்துப் பிரின்ஸ்டனுக்கு அனுப்பினார். அங்கே நன்றாகச் சுத்தம் செய்து நிறமாலைமானியில் போட்டார்கள். கண்டறியும் அளவுக்கு ஆர்செனேட் இல்லை. சுவிட்சர்லாந்தின் இடிஹெச் சூரிக்கிலும் தனியாக ஒரு குழு இதே பாக்டீரியாவைப் பிரித்துப் பார்த்தது. முடிவு: இது ஆர்செனிக்கைத் தாங்கும், ஆனால் பாஸ்பேட் இல்லாமல் வாழாது. இரண்டு கட்டுரைகளும் 2012 ஜூலையில் அதே 'சயின்ஸ்' இதழில் சேர்ந்தே வெளியாகின.

அப்படியென்றால் பாஸ்பேட் பஞ்சத்திலும் அது வளர்ந்தது எப்படி? எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்தது இதற்குக் கிடைத்த பதில்தான். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் டான் தாவ்ஃபிக் குழு, பாஸ்பேட்டைப் பிடித்து உள்ளே கொண்டுவரும் புரதத்தை ஆராய்ந்தது. 2012 அக்டோபரில் 'நேச்சர்' வெளியிட்ட முடிவுப்படி, ஜிஎஃப்ஏஜே-1-ன் புரதம் பாஸ்பேட்டைவிட ஆர்செனேட் 4,500 மடங்கு அதிகமாக இருக்கும்போதுகூடப் பாஸ்பேட்டைச் சரியாக அடையாளம் காணும் அளவுக்குக் கறாரானது. சாதாரண பாக்டீரியாக்களின் புரதம் இந்தப் பக்கமே வர முடியாது. ஆள்மாறாட்டக்காரனை வாசலில் கண்டுபிடிப்பது ஒரே ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் கோணம். ஆர்செனேட் கொஞ்சம் பெரியது, அதனால் அந்தக் கோணம் கோணலாகிவிடுகிறது.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். ஆர்செனிக்கை ஏற்றுக்கொண்ட உயிர் என்று உலகம் கொண்டாடிய அதே பாக்டீரியா, ஆர்செனிக்கை விலக்குவதில்தான் கெட்டிக்காரன். 40 மில்லிமோலார் ஆர்செனேட்டுக்கு நடுவே 3 மைக்ரோமோலார் பாஸ்பேட். ஒரு பாஸ்பேட்டுக்கு 13,000-க்கும் மேற்பட்ட ஆர்செனேட் என்ற கணக்கு. அந்தக் கூட்டத்தில் தனக்கு வேண்டிய ஒன்றைத் தேடிப் பொறுக்கி எடுத்து வாழ்ந்திருக்கிறது. இது சாதாரணத் திறமையா? ஆனால் இதற்குச் செய்தியாளர் சந்திப்பு நடக்கவில்லை, ஹேஷ்டேக் வரவில்லை.

கைதட்டல் கிடைக்காத விநோதங்கள்

'விசித்திர வேதியியல்' கொண்ட நுண்ணுயிர்கள் நிஜமாகவே நிறைய உண்டு. அவை வரும்போது நாம் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அதே மோனோ ஏரியில், அதே ஓரம்லேண்டின் குழு 2008-ல் ஒன்றைக் கண்டுபிடித்தது. வெந்நீர் ஊற்றுகளில் படிந்திருக்கும் பாக்டீரியாப் படலம், ஒளிச்சேர்க்கை செய்யத் தண்ணீருக்குப் பதில் ஆர்செனைட்டைப் பயன்படுத்துகிறது. நம் செடிகள் தண்ணீரிலிருந்து எலக்ட்ரானை எடுக்கின்றன, இது விஷத்திலிருந்து எடுக்கிறது. இதுவும் 'சயின்ஸ்' கட்டுரைதான். இன்றுவரை நிற்கிறது. கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

ஆக்ஸிஜனுக்குப் பதிலாக ஆர்செனேட்டைச் 'சுவாசிக்கும்' பாக்டீரியாக்களும் உண்டு. இது வெறும் வேடிக்கையில்லை. வங்கதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் கோடிக்கணக்கானவர்களின் குழாய்க் கிணற்றில் ஆர்செனிக் கலந்ததற்கு, மண்ணுக்கடியில் இரும்பு, ஆர்செனிக் சேர்மங்களை இப்படி மாற்றும் நுண்ணுயிர்களின் வேலையும் ஒரு காரணம். பாஸ்பரஸ் தட்டுப்பாடான கடற்பகுதிகளில் மிதக்கும் நுண்பாசிகள், செல் சவ்வில் பாஸ்பரஸ் கொழுப்புக்குப் பதில் கந்தகக் கொழுப்பை வைத்துச் செலவைக் குறைக்கின்றன. பாஸ்பரஸுக்கு மாற்று என்பது நிஜத்தில் இப்படித்தான், ஓரமாக, சத்தமில்லாமல் நடக்கிறது. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் 'ஏ'வை முழுக்கத் தூக்கிவிட்டு 'இஸட்' என்ற வேறு எழுத்தை வைத்திருக்கும் வைரஸை சோவியத் விஞ்ஞானிகள் 1977-லேயே சொல்லிவிட்டார்கள். அதை எப்படிச் செய்கிறது என்று 2021-ல் விளக்கமும் வந்தது. டிஎன்ஏவின் எழுத்தே வேறு! சத்தம் ரொம்பக் குறைவு.

வித்தியாசம் என்னவென்றால், அந்தக் கட்டுரைகளின் அழைப்பிதழில் 'வேற்றுலகம்' என்ற சொல் இல்லை.

அந்தச் சொல்லின் ஆபத்து விஞ்ஞானிகளுக்கும் புரியாமலில்லை. 2021-ல் நாசாவின் ஜேம்ஸ் கிரீனும் சகாக்களும், வேற்றுலக உயிர் பற்றிய அறிவிப்புகளுக்கு ஏழு படி கொண்ட ஓர் அளவுகோலை முன்மொழிந்தார்கள். 'ஒரு தடயம் தெரிகிறது' என்பது முதல் படி. மாசு கலக்கவில்லை என்று உறுதிசெய்வது இரண்டாவது படி. ஜிஎஃப்ஏஜே-1 வேற்றுலக விஷயமே இல்லை என்றாலும், இந்தக் கணக்கில் வைத்தால் தடுக்கி விழுந்தது இரண்டாம் படியில். ஆனாலும் 2025 ஏப்ரலில் கே2-18பி என்ற தொலைதூரக் கோளில் உயிரின் அறிகுறி என்று கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு அறிவித்தபோது நடந்ததைப் பார்த்தீர்கள். அவர்களே எச்சரிக்கையோடுதான் பேசினார்கள். தலைப்புகள் எச்சரிக்கையாக இல்லை. சில வாரங்களில் மற்ற குழுக்கள் அதே தரவை எடுத்து, இதில் அவ்வளவு பலமில்லை என்றன. அதே தாளம்.

பிறகு ஏன் இப்போது?

2012-லேயே கதை முடிந்துவிட்டது. அப்போதே கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். 'சயின்ஸ்' மறுத்தது. மோசடி இல்லை, வேண்டுமென்று செய்த பிழை இல்லை, மறுப்புக் கட்டுரைகளையும் வெளியிட்டாயிற்று, படிப்பவர்கள் தெரிந்துகொள்வார்கள் என்பது அன்றைய நிலை. 2025 பிப்ரவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' வுல்ஃப்-சைமனைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டபோது பழைய கேள்வி மறுபடி எழுந்தது. இப்போது விதி மாறிவிட்டது, மோசடி இல்லாவிட்டாலும் சோதனை முக்கிய முடிவைத் தாங்கவில்லை என்றால் திரும்பப் பெறலாம் என்பது இதழாசிரியர்களின் விளக்கம்.

ஆசிரியர்கள் தரப்பில் சொல்வதையும் கேட்க வேண்டும். தரவு தவறு என்றால் விவாதியுங்கள், அந்த விவாதம் பதிவாகியும் இருக்கிறது. பிறகு வந்த ஆய்வு மறுத்த ஒவ்வொரு கட்டுரையையும் நீக்க ஆரம்பித்தால் நூலகத்தில் எத்தனை மிஞ்சும்? இது அவர்கள் வாதம். நான் முழுக்க அவர்கள் பக்கம் இல்லை. கழுவாத டிஎன்ஏ என்பது, 'பின்னாளில் அறிவியல் வளர்ந்தது' என்ற கணக்கில் வராது. அது அன்றைக்கே செய்திருக்க வேண்டிய வேலை. ஆனால் 2012-ல் ஒரு காரணம் சொல்லி வைத்திருந்ததை, புதிதாக எந்தச் சோதனையும் இல்லாமல், ஒரு செய்திக் கட்டுரைக்குப் பிறகு எடுத்துப்போட்டதும் உறுத்தவே செய்கிறது. மோசடிக்கும் பிழைக்கும் ஒரே முத்திரை. தேடுபொறியில் ஒரு பெயரைத் தட்டினால் முதலில் வருவது அந்த முத்திரை என்றால், அடியில் இருக்கும் விளக்கத்தை எத்தனை பேர் திறந்து படிப்பார்கள்?

வுல்ஃப்-சைமன் அறிவியலை முழுசாக விட்டுவிடவில்லை. காந்தப்புலத்தை உணர்ந்து நகரும் பாக்டீரியாக்களைப் பற்றி வேலை செய்துகொண்டிருப்பதாக அந்த 'நியூயார்க் டைம்ஸ்' கட்டுரை சொன்னது. 2010-ன் கட்டுரை 'சயின்ஸ்' தளத்தில் இன்னும் இருக்கிறது. 'திரும்பப் பெறப்பட்டது' என்ற குறியோடு திறக்கிறது. 2011-ன் எட்டு விமர்சனங்களும், இந்த முடிவை ஏற்கவில்லை என்ற ஆசிரியர்களின் கடிதமும் அங்கேயே படிக்கக் கிடைக்கின்றன.